முப்பத்தேழாவது வரி

ஒரகடம்
9 ஜூன் 2021

அன்புள்ள பூர்ணி,

உன் போன் அணைந்தே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு உன் வீட்டுக்காரர் அஸ்வின் அண்ணாவின் எண்ணும் எனக்குக் கிடைக்கவில்லை. நேற்று மாதா கோயிலில் கீபோர்டு வாசிக்கும் ஜெபர்சனின் போனிலிருந்து போட்டுப் பார்த்தேன், மணி அடித்தது. யாரும் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். என் எண்ணை மட்டும்தான் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்த பிறகு இன்னொருவர் போனில் பேசுவது சரியாகப் படவில்லை. அதனால் தபால்.

நமக்கு இது புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அந்த அறையில் ஒரே கட்டிலில் மூன்று வருஷம் இருந்தோம். நீ காலை ஷிப்ட், நான் இரவு ஷிப்ட். பேசிக்கொண்டதைவிடத் தலையணைக்கு அடியில் சீட்டு எழுதி வைத்ததுதான் அதிகம். “சோறு இருக்கிறது. குழம்பு இல்லை. திட்டாதே.” அந்தச் சீட்டு இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை என்ன பேசினேன் என்று வரிசையாக எழுதுகிறேன். எங்கே தவறினேன் என்று நீ சொல்.

வடக்குப்பட்டு கன்னியர் மடத்து ஆஸ்பத்திரி உனக்குத் தெரியும். ஜனவரியில் நான்தான் உன்னை அங்கே கூட்டிப்போய்ப் பெயர் பதிய வைத்தேன். பன்னிரண்டு படுக்கை, ஒரே ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். இரண்டு ஆக்சிஜன் மெஷின் வாங்க நாங்கள் ஆறு பேர் சேர்ந்து பணம் திரட்டுகிறோம். ஜெபர்சன் போஸ்டர் செய்கிறான். மற்றவர்கள் கம்பெனி ஆட்களிடம் ஆளுக்கு ஒரு நாள் ஓவர்டைம் காசைக் கேட்கிறார்கள். என் யோசனை வேறு. ஊரடங்கில் எந்த வீட்டிலும் வளைகாப்பு நடக்கவில்லை. விருந்துக்கு எடுத்துவைத்த காசு அப்படியே இருக்கும். அதில் ஒரு பங்கைக் கேட்கலாம் என்றேன். அன்னபுஷ்பம் சிஸ்டர் பதிவேட்டைக் கொடுத்தார். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிரசவத் தேதி உள்ளவர்கள் அறுபத்திரண்டு பேர். முப்பத்தேழாவது வரியில் உன் பெயர். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உன் போன் அணைந்திருந்ததால் அஸ்வின் அண்ணாவுக்குப் போட்டேன், அவர் எடுத்தார். “யாருங்க?” என்றார்.

“அண்ணா, சில்வியா பேசறேன். பூர்ணிமாவோட ரூம்மேட். வளைகாப்புக்குக் கூப்டாம ஏழு சோறு போடாம ஏமாத்திட்டீங்கல்ல? அந்தக் காச இப்ப ஆஸ்பத்திரிக்கு எடுங்க!” என்று சிரித்தேன். அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. வேலையில் இருக்கிறார் என்று நினைத்து, எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னேன். “மே மாசம் ஒன்பதாந்தேதி ஒரு கர்ப்பிணி மூச்சு வாங்கிக்கினு ஆஸ்பத்திரி கேட்டாண்ட வந்து நின்னாங்க. இருந்த ஒரு சிலிண்டரும் வேற அம்மாவுக்குப் போய்க்கினு இருந்திச்சி. திருப்பி அனுப்பறதத் தவிர வழியில்ல. அந்தத் தாய் இப்ப நல்லா இருக்காங்க. இன்னொருத்தர அப்படி அனுப்பக்கூடாதுன்னுதான் கேக்கறோம்.”

அப்போது பக்கத்தில் ஒரு பெண் குரல், “போன வைங்க” என்றது.

அது உன் குரலா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். குழந்தை நன்றாக இருக்கிறதா?

நான் ஒரகடத்திலேயே தனியாக இருக்கிறேன். “ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வர்றவ வூட்டாண்ட வராத, அம்மாவுக்குச் சுகர் இருக்கு” என்று அண்ணன் சொல்லிவிட்டான். சரிதான். ஆனால் வடக்குப்பட்டில் என் வீட்டைத் தாண்டித்தான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

பதில் போடு. திட்டியாவது போடு.

சில்வியா


குன்றத்தூர்
16 ஜூன் 2021

சில்வியா,

அந்தத் தாய் நன்றாக இருக்கிறாள் என்று உன்னிடம் யார் சொன்னது?

மே ஒன்பதாம் தேதி கேட்டுக்கு வெளியே நின்றவள் நான். மூன்று நாளாகக் காய்ச்சல். விரலில் மாட்டிப் பார்த்தபோது ஆக்சிஜன் எண்பத்தெட்டு காட்டியது. சிஸ்டர் வெளியே வந்து கைகூப்பினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. உள்ளே ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள், எனக்கே கேட்டது. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் என் வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். விசிறி எடுத்துவரத் தோன்றவில்லை. இரண்டு இடத்தில் இடம் இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் சேர்த்தார்கள்.

பதினொன்றாம் தேதி காலை வலி வந்தது. இருபத்தாறு வாரம். முகத்தில் மாஸ்க், கண்ணைத் திறக்க முடியவில்லை. எதையும் எனக்குக் காட்டவில்லை. கொண்டுபோய்விட்டார்கள். பதினான்கு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன்.

நீ வரிசையாக எழுதியதால் நானும் வரிசையாக எழுதிவிட்டேன். எங்கே தவறினாய் என்று கேட்டாய். சொல்கிறேன்.

ஜனவரியில் என்னைப் பதிய வைத்தாய். திரும்பும்போது பஸ்ஸில், “வாரம் ஒரு தபா போன் பண்றேன் பாரு” என்றாய். மார்ச் வரைக்கும் செய்தாய். ஏப்ரலில் ஒன்றும் இல்லை. மேயில் ஒன்றும் இல்லை. ஜூனில் செய்தாய், பணம் கேட்க. அதுவும் என்னைத் திருப்பி அனுப்பிய கதையை எனக்கே சொல்லி.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் கையில் ஈர மாவு. தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சமையலறைக்குள் போவதில்லை. நீ சிரித்ததை அத்தையும் கேட்டார்கள்.

கம்பெனி லைனில் ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு சர்க்யூட் போர்டு பார்ப்போம். ஒரு முனை பற்றவைக்காமல் விட்டிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாய். சூப்பர்வைசரே உன்னைப் பார்த்துப் பயப்படுவார். அறுபத்திரண்டு பெயரைச் சரிபார்க்காமல் எப்படி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாய்? ஜனவரியில் கர்ப்பமாக இருந்தவள் ஜூனிலும் கர்ப்பமாகத்தான் இருப்பாள் என்று நினைத்தாயா?

இந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்காகத்தானாம். டிவி சத்தமாக ஓடுகிறது. மே இருபத்துமூன்றுக்கு வளைகாப்பு குறித்திருந்தோம். கண்ணாடி வளையல் பன்னிரண்டு டஜன் வாங்கி பீரோ மேல் வைத்திருக்கிறது. நான் தூங்குகிறேன் என்று நினைத்து அத்தை பக்கத்து வீட்டில் சொன்னார்கள்: “இத்த இன்னா பண்றதுன்னே தெரியல. கடைக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டேங்கறான்.”

உன் குரலைக் கேட்கப் பிடிக்கவில்லை. அதனால்தான் தடுத்தேன். எடுக்கப் போவதில்லை. எழுதினால் படிப்பேன். பதில் போடுவேன் என்று சொல்லவில்லை.

பூர்ணிமா


ஒரகடம்
21 ஜூன் 2021

பூர்ணி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஷிப்டுக்குப் போகவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் சிஸ்டரிடம் படித்துக் காட்டினேன். உன்னைக் கேட்காமல் காட்டியது தப்புதான். அதையும் சேர்த்துக் கொள்.

அவர் கடிதத்தை வாங்கி மறுபடியும் படித்தார். பிறகு சொன்னார்: “பன்னெண்டாந்தேதி அவங்களச் சேத்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே போன் போட்டேன்மா. ‘அம்மா ஓகே’ன்னாங்க. நான் அம்மாவத்தான் கேட்டேன். அதுக்கு மேல கேக்க எனக்குத் தைரியம் வரல.” ஒன்பதாம் தேதி நடந்ததைச் சொன்னபோது உன் பெயரை அவர் எங்களிடம் சொல்லவில்லை. யாருக்கு என்ன ஆனது என்று வெளியில் சொல்லக்கூடாது என்பது அவர் வழக்கம். ‘அம்மா ஓகே’ என்ற இரண்டு வார்த்தையை ‘அந்தத் தாய் இப்போது நலம்’ என்று மாற்றி எழுதியது நான். அப்படி முடித்தால் கேட்பவர்கள் கலங்காமல் பணம் அனுப்புவார்கள் என்று எழுதினேன். ஐம்பத்தெட்டு வீட்டில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல், மே பற்றி. சாக்கு சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் முதல் வாரம் உனக்குப் போன் செய்ய எடுத்தேன். அன்றைக்குத்தான் மூன்றாவதாக என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் வேண்டாம் என்றிருந்தார்கள். வயது முப்பத்தொன்று என்றார்கள். நீ குழந்தை உதைக்கிறது என்று சொல்வாய், நான் சந்தோஷப்பட வேண்டும். அன்றைக்கு முடியாது, நாளைக்குச் செய்யலாம் என்று வைத்தேன். அப்படியே தள்ளிப்போய்விட்டது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இனி இப்படி நடக்கக்கூடாது என்று இந்த இரண்டு நாளும் முழுக்க உட்கார்ந்தேன். ஊர் நர்ஸ் அக்காக்களிடம் கேட்டு, ஒவ்வொரு வரியாக விசாரித்த பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போன் செய்கிறோம். அறுபத்திரண்டில் நான்கு வரி அப்படி இருந்தது. உன்னையும் சேர்த்து நான்கு. மற்ற மூவரில் இருவர் வீட்டுக்கு நான் ஏற்கனவே பேசியிருந்தேன். அவர்களில் ஒருவர் என்னிடம், “சரிங்க, அனுப்பறோம்” என்று மட்டும் சொல்லிப் பணத்தை அனுப்பியும்விட்டார்.

நான்கு வரியையும் ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில், நானே நேராக அடித்துவிட்டேன். உன் வரியைத்தான் முதலில் அடித்தேன். இனி யாரும் தெரியாமல் உன்னைக் கூப்பிட மாட்டார்கள். என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

இன்னொன்று. சொல்லலாமா என்று யோசித்தேன், மறைத்தால் அதுவும் தப்பாகும். நான் பேசிய அதே ஞாயிற்றுக்கிழமை, கால் மணி நேரத்துக்குள், அஸ்வின் அண்ணாவின் பெயரில் ஆஸ்பத்திரிக் கணக்குக்குப் பணம் வந்திருக்கிறது. ஜெபர்சன் இப்போதுதான் பார்த்துச் சொன்னான். ‘எதற்காக’ என்ற இடத்தில் ‘வளைகாப்பு’ என்று எழுதியிருக்கிறார். திருப்பி அனுப்ப வேண்டுமானால் ஒரு வரி எழுது.

சாப்பிடு.

சில்வியா


குன்றத்தூர்
28 ஜூன் 2021

சில்வியா,

உன்னை யார் அடிக்கச் சொன்னது?

நான் சொல்வதை நிதானமாகப் படி. இருபத்தெட்டு வாரத்துக்குள் குழந்தை போனால் எங்கும் பதிய மாட்டார்களாம். அந்த மூன்றாவது ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டில் என் காய்ச்சல் இருக்கிறது, என் ஆக்சிஜன் அளவு இருக்கிறது, கடைசியில், வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது என்பதற்கு ஆங்கிலத்தில் நான்கு எழுத்துச் சுருக்கம் ஒன்று இருக்கிறது. அவ்வளவுதான். ஸ்கேன் படத்தை அத்தை எங்கேயோ எடுத்து வைத்துவிட்டார்கள். கேட்டால், “இப்ப அது எதுக்குமா?” என்கிறார்கள். எங்கே புதைத்தார்கள் என்று தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்டால் அழுவேன் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் அழுவார்கள் என்று நான் கேட்கவில்லை.

உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் என் பெயருக்கு நேராக ஆகஸ்ட் பதினேழு என்று எழுதியிருந்தது. அன்றைக்கு ஒருவர் வரப்போகிறார் என்று எழுதி வைத்த இடம். முப்பத்தேழாவது வரி என்று நீ எழுதியபோதுதான் எனக்கே அந்த நம்பர் தெரிந்தது. ஒரு வாரம் அந்த எண்ணையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நீ ஸ்கேல் வைத்து அடித்திருக்கிறாய். அதுவும் சிவப்பில், லைனில் ரிஜெக்ட் போடுவதுபோல.

அந்த மற்ற மூன்று பேரையாவது கேட்டாயா?

பணத்தைத் திருப்ப வேண்டாம். அவர் அனுப்பியது எனக்குத் தெரியாது. அன்றைக்கு நீ போனை வைத்த பிறகு அவர் அடுப்பை அணைத்துவிட்டுப் பால் வாங்கி வருகிறேன் என்று போனார். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. பால் கடை எதிர் வீட்டில் இருக்கிறது. வந்தபோது கையில் பாலும் இல்லை. நான் கேட்கவில்லை.

ஒன்றரை மாதமாக நானும் அவரும் ஒருவர் ஷிப்டில் இன்னொருவர் தூங்குகிறவர்கள்போல இருக்கிறோம். ஷிப்டே கிடையாது, அவர் கம்பெனி மூடியிருக்கிறது. தலையணைக்கு அடியில் சீட்டும் கிடையாது.

உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பற்றி எழுதியிருந்தாய். முட்டாள்கள். அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

பூர்ணிமா


ஒரகடம்
5 ஜூலை 2021

பூர்ணி,

நான் யாரையும் கேட்கவில்லை. ஒழுங்குபடுத்துகிறேன் என்று நினைத்தேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே பதிவேட்டை எடுத்துக்கொண்டு சிஸ்டரிடம் போனேன். பிளேடு வைத்து சிவப்பு மையைச் சுரண்டலாமா என்று கேட்டேன். “ரிஜிஸ்டர்ல சுரண்டக்கூடாதுமா. அடிச்சது அடிச்சதாவே இருக்கணும், அதான் ரூல்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சிரித்தார். “இன்னா பொண்ணு நீ, இதுக்கு வழி இல்லையா? அந்தப் பக்கத்தோட கடைசில திரும்ப எழுது. புது நம்பர் போடாத. முப்பத்தேழுன்னே போடு. மேல அடிச்ச வரிக்குப் பக்கத்துல ‘கீழே பார்க்க’ன்னு எழுதி நான் கையெழுத்துப் போடறேன்.”

எழுதினேன். கறுப்பு மை. எண் முப்பத்தேழு. பூர்ணிமா. கணவர் அஸ்வின். குன்றத்தூர். எதிர்பார்க்கும் தேதி ஆகஸ்ட் 17. சிஸ்டர் கையெழுத்திட்டு முத்திரையும் வைத்தார்.

அதற்குப் பிறகு மூன்று கட்டம் இருக்கிறது. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, எடை. பிரசவம் இங்கே நடந்தால் ஜாஸ்மின் நர்ஸ் நிரப்புவார். “வெளிய நடந்தா தாய் சொல்றத எழுதறது இங்க வழக்கம். எத்தன வாரம்னு கேக்க மாட்டோம்” என்றார் சிஸ்டர். அந்த மூன்றையும் வெறுமையாக விட்டிருக்கிறேன். நீ சொன்னால் எழுதுவேன். சொல்லாவிட்டால் அப்படியே இருக்கும். இந்தத் தடவை என் இஷ்டத்துக்கு ஒன்றும் செய்ய மாட்டேன்.

மற்ற மூவரையும் நேரில் போய்ப் பார்த்தேன். வாசலிலேயே நின்று பேசினேன். ஒருவர் அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும் என்றார். ஒருவர் கதவைத் திறக்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் அன்னக்கிளி என்று ஒரு அக்கா, “எழுதலாமா? நெசமாவா?” என்று மூன்று தடவை கேட்டார். பையன், எட்டாம் மாதத்தில் போய்விட்டான். பெயர்கூட வைத்திருக்கிறார். பெயருக்குக் கட்டம் இல்லை. அதனால் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

மெஷின் ஒன்று வந்துவிட்டது. வியாழக்கிழமை வல்லத்திலிருந்து ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். உள்ளே கூட்டிப் போனார்கள். நான் கேட்டுக்கு வெளியே, அந்த வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். வேறு எங்கும் நிற்கத் தோன்றவில்லை.

போனில் சொல்லும் பேச்சிலிருந்து ஒன்பதாம் தேதிக் கதையை எடுத்துவிட்டோம். மெஷின் வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம். பணம் மெதுவாகத்தான் வருகிறது.

சில்வியா


குன்றத்தூர்
17 ஆகஸ்ட் 2021

சில்வி,

நீ எழுதி ஆறு வாரம் ஆகிறது. உன் கடிதத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். இப்போது சமையலறைக்குள் போகிறேன்.

அந்த மூன்று கட்டத்தை நிரப்ப எனக்கு ஒன்றுதான் தெரியும், தேதி. மற்ற இரண்டையும் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதலாமா என்று பார்த்தேன். வார்டு நம்பர்கூட நினைவில்லை.

இன்று தேதி தெரியும் அல்லவா? காலையிலிருந்து அத்தை என் பக்கம் வரவில்லை. அவர்களுக்கும் தெரியும். அவர் வேலைக்குக் கிளம்பி, ஷூவைப் போட்டுக்கொண்டு, போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. நான் உன் கடிதத்தை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன். பேசவில்லை. நம் அறையில் சீட்டு வைப்பதுபோல வைத்தேன்.

படித்தார். கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

“உனக்குக் கேக்கப் புடிக்கலன்னு நெனச்சேன்” என்றார்.

“நீங்க சொல்ல மாட்டேங்கறீங்கன்னு நெனச்சேன்” என்றேன்.

அவர் போனில் ஒரு குறிப்பு வைத்திருந்தார். பால் கணக்குக்கும் கேஸ் புக்கிங் நம்பருக்கும் நடுவில். பிரசவம் நடந்த அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதை அப்போதே எழுதிக்கொண்டாராம். மூன்று மாதம் அதை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் தூங்கியிருக்கிறார். எங்கே கொண்டுபோனார்கள் என்பதையும் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கு.

இதை எழுது. கறுப்பு மையில், உன் கையாலேயே.

பிறந்த தேதி: 11 மே 2021, காலை ஏழு பத்து.
பெண்.
எடை: 780 கிராம்.

வளையலில் இரண்டு டஜனைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். யாருக்கும் போட வேண்டாம். அன்னக்கிளி அக்காவுக்குக் கொடு, அவர் விரும்பினால். விரும்பாவிட்டால் நீ வைத்துக்கொள்.

போன் இப்போது வேண்டாம். குரல் கேட்க இன்னும் நாளாகும். ஆனால் எழுது. மெஷினைப் பற்றி, உன் அம்மாவைப் பற்றி, நீ சாப்பிட்டாயா இல்லையா என்பதைப் பற்றி. என்னிடம் அதை யாரும் சொல்வதில்லை.

தலையில் நிறைய முடி இருந்ததாம். அதற்குக் கட்டம் இருக்காது என்று தெரியும். ஓரத்தில் பென்சிலால் எழுது.

பூர்ணி